டாங்கிள் கெட்டுப் போகவில்லை, முகம் திரும்பவில்லை!

(லினக்ஸ் லேப்டாப்பில் டாங்கிளை வேலை செய்ய வைப்பது எப்படி?)



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் மூன்று குழுக்களிலிருந்து ஒரே கேள்வி வந்தது. "அக்கா, எங்ககிட்ட லேப்டாப் இருக்கு, டாங்கிளும் இருக்கு. சொருகினா நெட் வரமாட்டேங்குது. கடையில கேட்டா இந்த லேப்டாப்புக்கு இது ஆகாதுன்னு சொல்றாங்க. என்ன செய்யறது?" என்று கேட்டார்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. எங்கள் குழுவின் கணக்குப் புத்தகம் எழுதுகிறவள், அவ்வளவுதான். ஆனால் இதே கேள்வியால் எங்கள் குழு 1,500 ரூபாயை வீணாக்க இருந்தது. கடைசி நேரத்தில் தப்பித்தோம். அந்த அனுபவத்தில் கற்றுக் கொண்டதை இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு கேட்டால் இன்னும் நல்லது.

எங்கள் குழுவில் நடந்தது

எங்கள் குழுவில் 12 பேர். கடன் விண்ணப்பம், உறுப்பினர் விவரம், சேமிப்புக் கணக்கு என்று எதுவானாலும் டவுனில் உள்ள ஒரு பிரவுசிங் சென்டருக்குத்தான் போவோம். போய்வர அரை நாள் கூலி போய்விடும். அது கூடப் பரவாயில்லை. ஒரு நாள் அங்கே போனபோது, முந்தைய மாதம் நாங்கள் கொடுத்த 12 பேரின் ஆதார் நகலும் அந்தக் கம்ப்யூட்டரின் முகப்பிலேயே கிடந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும் திறந்து பார்க்கலாம், எடுத்துக் கொண்டும் போகலாம். நெஞ்சு பக்கென்றது. அன்றைக்கே முடிவு செய்தோம், இனி நம் வேலையை நம் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும் என்று.

எங்கள் செயலாளரின் மூத்த மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. அதைக் குழுவுக்குக் கொடுத்தார். டவுனில் 900 ரூபாய்க்கு ஒரு பழைய 4ஜி டாங்கிள் வாங்கினோம். (இதைச் சிலர் டேட்டா கார்டு என்பார்கள், சிலர் நெட் செட்டர் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். உள்ளே சிம் கார்டு போட்டு லேப்டாப்பில் சொருகினால் நெட் வரும்.) ஆனால் சொருகினோம், நெட் வரவில்லை. திரையில் ஒரு சி.டி. படம் மட்டும் வந்தது.

கடைக்கு எடுத்துப் போனோம். "இதில லினக்ஸ் போட்டிருக்கும்மா. லினக்ஸ்ல டாங்கிள் ஓடாது. விண்டோஸ் போடணும், 1,500 ரூபாய் ஆகும்" என்றார் கடைக்காரர். குழுக் கூட்டத்தில் வைத்தோம். எல்லோரும் சரி என்றார்கள். நான் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் ஆரம்பித்து விட்டேன். அப்போது ஆடு வளர்க்கும் எங்கள் பெரியம்மா ஒருவர் குறுக்கிட்டார்.

"ஏன்டி, ஆடு தீவனம் எடுக்கலைன்னா உடனே கறிக்கடைக்கு ஓட்டிடுவோமா? வாயைத் திறந்து பாப்போம், வயித்தைத் தொட்டுப் பாப்போம். இந்தக் குச்சிக்கு என்ன கோளாறுன்னு யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. யாருக்காவது கடன் கொடுப்பது என்றால் எதற்கு, எப்படித் திருப்பிக் கட்டுவாய் என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். 1,500 ரூபாய் செலவுக்கு ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை! தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். செயலாளரின் இளைய மகள் பாலிடெக்னிக் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

லினக்ஸ் என்றால் என்ன?

வீடு என்றால் அதை நிர்வாகம் செய்ய ஒருவர் வேண்டும் இல்லையா? அதுபோல கம்ப்யூட்டருக்குள் திரை, விசைப்பலகை, பிரிண்டர் எல்லாவற்றையும் கட்டி மேய்க்க ஓர் அடிப்படை மென்பொருள் வேண்டும். விண்டோஸ் அப்படி ஒன்று. அது விலைக்கு விற்கப்படுவது. லினக்ஸ் இன்னொன்று. இது விலையில்லாதது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் இதை எழுதத் தொடங்கினார். பிறகு உலகம் முழுவதும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். ஒருவர் தொடங்கி, பலர் சேர்ந்து வளர்த்து, எல்லோருக்கும் சொந்தமாக இருப்பது நம் குழு மாதிரிதான்.

"லினக்ஸ் எல்லாம் நமக்கு எதுக்கு" என்று நினைக்காதீர்கள். நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளேயும் அடித்தளம் லினக்ஸ்தான். தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

நம் ஊர் வீடுகளுக்கு இது எப்படி வந்தது? தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, தமிழிலும் வேலை செய்யும். அதில் இருந்த விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தி விட்டது. அதனால் படித்த பிள்ளைகள் பலர் பழைய லேப்டாப்பில் புதிய லினக்ஸ் போட்டு ஓட்டுகிறார்கள். ஆக, லினக்ஸ் இருப்பது ஒரு குறை இல்லை.

டாங்கிளுக்கு இரண்டு முகம்

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டாங்கிளை விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓட்ட ஒரு மென்பொருள் வேண்டும். முன்பெல்லாம் அதைத் தனி சி.டி.யில் கொடுத்தார்கள். சி.டி. தொலைந்து விடும், சில லேப்டாப்பில் சி.டி. போடும் வசதியே இருக்காது. அதனால் கம்பெனிக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். அந்த மென்பொருளை டாங்கிளுக்கு உள்ளேயே வைத்து விட்டார்கள். சொருகியதும் டாங்கிள் முதலில் "நான் ஒரு சி.டி." என்று சொல்லும். விண்டோஸ் அந்த சி.டி.யைத் திறந்து மென்பொருளைப் போட்டுக் கொள்ளும். அந்த மென்பொருள் டாங்கிளுக்கு ஒரு சைகை காட்டும். உடனே டாங்கிள் சி.டி. முகத்தை மாற்றிக் கொண்டு, "நான் மோடம்" என்று நிற்கும். மோடம் என்றால் டவரோடு பேசி நெட்டை இழுத்து வரும் கருவி. அதன் பிறகுதான் நெட் வரும்.

லினக்ஸில் என்ன ஆகிறது? விண்டோஸுக்கு எழுதிய அந்த மென்பொருள் லினக்ஸில் ஓடாது. அது தேவையும் இல்லை, மோடத்தை ஓட்டத் தெரிந்த பகுதி லினக்ஸிலேயே இருக்கிறது. ஆனால் முகத்தைத் திருப்பச் சொல்லி அந்தச் சைகையை யாராவது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் டாங்கிள் நாள் முழுக்க சி.டி. வேஷத்திலேயே உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் "டாங்கிள் போச்சு" என்பார்கள், இல்லையென்றால் "லினக்ஸ் ஆகாது" என்பார்கள். இரண்டும் தவறு.

சைகை காட்டுவதற்கென்றே லினக்ஸில் 'யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்' என்று ஒரு சிறிய மென்பொருள் இருக்கிறது. இலவசம். பல லினக்ஸ்களில் முதலிலேயே இருக்கும். சிலவற்றில் நாம் போட வேண்டும். எங்கள் லேப்டாப்பில் அது இல்லை. விஷயம் அவ்வளவுதான். கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு விண்டோஸ் பழக்கம், தெரிந்ததைச் சொன்னார். கேள்வி கேட்காதது எங்கள் தவறு.

வரிசையாக நான்கு கேள்வி

நெட் வரவில்லை என்றால் கண்டதையும் அமுக்காமல், கீழே உள்ள நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

1. சிம் நல்லா இருக்கிறதா?

டாங்கிளில் போடும் சிம்மை முதலில் ஒரு போனில் போட்டுப் பாருங்கள். ரீசார்ஜ் இருக்கிறதா, நெட் வருகிறதா என்று தெரிந்து விடும். சிம் கார்டுக்கு 'பின்' என்ற நாலு இலக்க ரகசிய எண் போட்டிருந்தால், போனில் இருக்கும்போதே எடுத்து விடுங்கள். பின் எண்ணை மூன்று தடவை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக் கொள்ளும். அப்புறம் 'பக்' என்ற எண்ணைக் கம்பெனியில் வாங்கித் திறக்க வேண்டும். அதையும் பத்து தடவை தப்பாகப் போட்டால் சிம் செத்தே போகும். யூகித்து யூகித்துப் போடாதீர்கள்.

2. லேப்டாப்புக்கு டாங்கிள் தெரிகிறதா?

டாங்கிளை லேப்டாப்பில் நேராகச் சொருகுங்கள். நீளமான ஒயர், நாலைந்து துளை உள்ள யு.எஸ்.பி. ஹப் இவை வேண்டாம். டவரைப் பிடிக்கும் நேரத்தில் டாங்கிள் நிறைய மின்சாரம் இழுக்கும், ஹப்பில் அது போதாமல் விட்டு விட்டு அணையும். ஒரு துளையில் வரவில்லை என்றால் அடுத்த துளையில் சொருகிப் பாருங்கள். விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலான டாங்கிள்களில் விளக்கு மின்னினால் டவரைத் தேடுகிறது, நின்று எரிந்தால் இணைந்து விட்டது என்று பொருள்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? லினக்ஸில் 'டெர்மினல்' என்ற கறுப்புப் பெட்டி இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. அதில் எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சின்ன எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். இது பார்ப்பதற்கு மட்டும்தான், எதையும் மாற்றாது. லேப்டாப்பில் என்னென்ன சொருகியிருக்கிறது என்று பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் நடுவில் இரண்டு புள்ளி வைத்து ஓர் எண் இருக்கும். முன்பாதி கம்பெனியின் எண். ஹுவாவே கம்பெனி டாங்கிள் என்றால் '12டி1', இசட்.டி.இ. கம்பெனி என்றால் '19டி2' என்று ஆரம்பிக்கும். (இதில் டி என்பது ஆங்கில எழுத்து வரிசையில் நாலாவது எழுத்து.) அந்த வரி இருந்தால் லேப்டாப்புக்கு டாங்கிள் தெரிகிறது. எந்தத் துளையில் சொருகினாலும் அந்த வரியே வரவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால்தான் டாங்கிள் பழுது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போதும் வேறு ஒரு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்து விட்டு முடிவு செய்யுங்கள்.

3. முகம் திரும்பியதா?

அந்த எண்ணில் பின்பாதி, பொருளின் எண். டாங்கிள் முகத்தைத் திருப்பினால் பின்பாதி மாறும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹுவாவே கம்பெனியின் இ1550 என்ற பழைய 3ஜி டாங்கிள், சி.டி. முகத்தில் 1446 என்று காட்டும், மோடம் முகத்தில் 1001 என்று காட்டும். உங்கள் டாங்கிளில் எண்கள் வேறாக இருக்கலாம். சொருகியதும் ஒரு தடவை பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் முகம் திரும்பி விட்டது.

அவசரப்படக் கூடாது. அரிசி உலையில் போட்டதும் வெந்து விடுமா? சொருகிய பிறகு ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். நாங்கள் பத்து நொடியில் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினோம். அதனால் டாங்கிள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஒரு நிமிடம் ஆகியும் சி.டி. படம் போகவில்லையா? சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அந்த சி.டி. படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'எஜெக்ட்' என்று இருப்பதைத் தட்டுங்கள். நிஜ சி.டி.யை வெளியே தள்ளச் சொல்லும் கட்டளை இது. பல டாங்கிள்கள் இதையே சைகையாக எடுத்துக் கொண்டு மோடமாக மாறி விடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மோட்ஸ்விட்ச் மென்பொருளைப் போட வேண்டியதுதான். லினக்ஸில் 'சாப்ட்வேர்' அல்லது 'பேக்கேஜ் மேனேஜர்' என்று ஒரு கடை போல இருக்கும். அதில் மோட், ஸ்விட்ச் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து ஒரே சொல்லாக அடித்துத் தேடுங்கள். 'யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச்' என்று வருவதைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். லேப்டாப்பின் பாஸ்வேர்டு கேட்கும். போட்டு முடித்ததும் டாங்கிளைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்துப் போட்டு, மறுபடி சொருகுங்கள். கூடவே 'மோடம் மேனேஜர்' என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். டாங்கிளோடு பேசுவது அதுதான்.

"அக்கா, அதை இறக்கவே நெட் வேணுமே, நெட்டுக்குத்தானே இவ்வளவு பாடு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நாங்களும் அங்கேதான் திகைத்து நின்றோம். அந்தப் பெண் சிரித்துக் கொண்டே தன் போனை எடுத்து, சார்ஜர் ஒயரால் லேப்டாப்போடு இணைத்தாள். போனில் செட்டிங்ஸ் போய், 'ஹாட்ஸ்பாட், டெதரிங்' என்ற இடத்தில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைப் போட்டாள். அடுத்த நிமிடம் போனில் உள்ள நெட் லேப்டாப்புக்கு வந்து விட்டது. மென்பொருள் சிறியது, சீக்கிரமே இறங்கியது. ஒன்று கவனியுங்கள், சில மலிவு ஒயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், தகவலைக் கடத்தாது. போனோடு வந்த ஒயரைப் பயன்படுத்துங்கள்.

4. வாசல் பெயர் சரியா?

முகம் திரும்பி விட்டது, டவரும் காட்டுகிறது, ஆனாலும் நெட் இல்லை. எங்களுக்கும் இதுவே நடந்தது. காரணம் 'ஏ.பி.என்.' என்ற ஒரு பெயர். ஒவ்வொரு கம்பெனியின் வலையத்திலிருந்தும் இன்டர்நெட்டுக்குப் போக ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலின் பெயர்தான் ஏ.பி.என். பெயரைத் தப்பாகச் சொன்னால் கதவு திறக்காது.

திரையின் ஓரத்தில் நெட் அடையாளம் இருக்கும். அதைத் தட்டி, 'மொபைல் பிராட்பேண்ட்' என்ற பெயரில் புதிய இணைப்பு ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். நாடு எது என்று கேட்கும், இந்தியா என்று கொடுங்கள். கம்பெனி எது என்று கேட்கும், உங்கள் சிம் கம்பெனியைக் கொடுங்கள். அடுத்து வரும் ஏ.பி.என். கட்டத்தைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். பட்டியல் பழையதாக இருந்தால் தப்பான பெயர் வந்து நிற்கும். பி.எஸ்.என்.எல். என்றால் 'பிஎஸ்என்எல்நெட்'. ஏர்டெல் என்றால் 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம்'. ஜியோ என்றால் 'ஜியோநெட்'. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். வேறு கம்பெனி என்றாலோ சந்தேகம் வந்தாலோ, அந்த சிம்மைப் போனில் போட்டு செட்டிங்ஸில் ஏ.பி.என். என்று தேடினால் சரியான பெயர் அங்கேயே இருக்கும். பார்த்து எழுதிக் கொள்ளுங்கள். யூசர் நேம், பாஸ்வேர்டு கட்டங்களைக் காலியாக விட்டு விடலாம். டயல் எண் என்று கேட்டால் *99# என்று கொடுங்கள்.

எங்களுக்கு ஏ.பி.என். பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. சரி செய்து 'கனெக்ட்' என்று தட்டினோம். விளக்கு மின்னியது, மின்னியது... அப்புறம் அசையாமல் நின்று எரிந்தது. நெட் வந்து விட்டது! மொத்தம் 45 நிமிடம். செலவு ஒரு பைசா இல்லை. பெரியம்மாதான் முதலில் கை தட்டினார். "பாத்தியா, வாயைத் திறந்து பாத்தாத்தான தெரியுது" என்றார். அடுத்த கூட்டத்தில் 1,500 ரூபாய்த் தீர்மானத்தை ரத்து செய்து எழுதினேன். இத்தனை வருடம் தீர்மானம் எழுதியதில், ரத்து செய்ததற்காகச் சந்தோஷப்பட்டது அது ஒன்றுதான்.

இன்னொரு வகை டாங்கிள்

இப்போது வரும் 4ஜி டாங்கிள்கள் பலவற்றில் மேலே சொன்ன ஏ.பி.என். வேலையெல்லாம் லேப்டாப்பில் கிடையாது. அவை தாங்களே டவரோடு பேசி, லேப்டாப்புக்கு வெறும் ஒயர் நெட் போலக் காட்டிக் கொள்ளும். லினக்ஸில் சொருகினால் 'வயர்டு கனெக்ஷன்' என்று தானாக வந்து விடும். மொபைல் பிராட்பேண்ட் என்று தேடித் தேடி ஏமாறாதீர்கள். இந்த வகை டாங்கிளுக்குள்ளேயே ஓர் அமைப்புப் பக்கம் இருக்கும். பிரவுசரில் மேலே முகவரி எழுதும் இடத்தில் ஹுவாவே என்றால் 192.168.8.1 என்று அடித்தால் அந்தப் பக்கம் திறக்கும். இசட்.டி.இ. டாங்கிள் பலவற்றில் 192.168.0.1 என்று இருக்கும். ஏ.பி.என்., பின் எண் எல்லாம் அங்கேதான் மாற்ற வேண்டும். வைஃபை கொடுக்கும் டாங்கிளாக இருந்தால் முதல் வேலையாக அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இல்லையென்றால் நம் ரீசார்ஜில் அக்கம்பக்கமெல்லாம் படம் பார்க்கும்!

வாங்கும் முன் கேளுங்கள்

எந்தத் தந்திரத்துக்கும் மசியாத டாங்கிள்களும் இருக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்கி ஏமாறக் கூடாது.

3ஜி மட்டும் உள்ள பழைய டாங்கிள் வேண்டாம். ஏர்டெல் தன் 3ஜி சேவையை 2020-ல் நிறுத்தி விட்டது. அந்த சிம்மைப் பழைய டாங்கிளில் போட்டால் 2ஜி-யில் ஊர்ந்து போகும். ஜியோ 2016-ல் தொடங்கியபோதே 4ஜி-யில்தான் தொடங்கியது, அதன் சிம் 3ஜி டாங்கிளில் வேலையே செய்யாது. டாடா போட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட் போன்றவை சி.டி.எம்.ஏ. என்ற வேறு முறையில் ஓடின. அந்தச் சேவைகள் மூடப்பட்டு விட்டன. அந்த டாங்கிள்களை இனி எந்த சிம்மாலும் உயிர்ப்பிக்க முடியாது.

இன்னொன்று, சிம் கம்பெனிகளே விற்ற டாங்கிள்கள் பல, அந்தக் கம்பெனி சிம் மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். "இது லாக் உள்ளதா, எல்லா சிம்மும் எடுக்குமா?" என்று கேளுங்கள். முடிந்தால் நம் லேப்டாப்பையும் நம் சிம்மையும் கடைக்கே எடுத்துப் போய், நெட் வருவதைப் பார்த்து விட்டுப் பணம் கொடுங்கள். கறவை மாடு வாங்கினால் கறந்து பார்க்காமல் வாங்குவோமா?

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி, டாங்கிள் தேவைதானா? மாதம் இரண்டு தடவை கணக்கு ஏற்ற மட்டும் என்றால் ஒருவரின் போனும் ஒயரும் போதும். டாங்கிள் வாங்க வேண்டாம். எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், எப்போதும் ஊக்குநரின் போனையே கேட்க வேண்டியிருந்தது. அவர் ஊரில் இல்லாத நாளில் வேலை நின்றது, அவர் காசில் ரீசார்ஜ் போனது. குழு வேலைக்குக் குழுவின் நெட் இருப்பதே முறை என்று முடிவு செய்தோம்.

எந்த சிம்மைப் போடுவது?

இதை மறக்காமல் படியுங்கள். முதல் மாதம் நாங்கள் ஒரு தவறு செய்தோம். தனி சிம் எதற்கு என்று நினைத்து, வங்கிக் கணக்கோடு இணைத்திருந்த எண்ணின் சிம்மையே கழற்றி டாங்கிளில் போட்டு விட்டோம். நெட் ஓடியது. ஆனால் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி., பணம் எடுத்தால் வரும் எஸ்.எம்.எஸ். எதுவும் போனுக்கு வரவில்லை. வரவில்லை என்பதை விட, டாங்கிளுக்குள் வந்து விழுந்தது, யாரும் பார்க்கவில்லை என்பதே சரி. இரண்டு வாரம் கணக்கில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருந்தோம். நல்லவேளை, எதுவும் நடக்கவில்லை.

ஆகவே டாங்கிளுக்குத் தனி சிம் வாங்குங்கள். அது யார் பெயரில் இருக்கிறது, எப்போது வாங்கியது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ரீசார்ஜ் ரசீதை மற்ற செலவுச் சீட்டுகளோடு வையுங்கள். வங்கி எண்ணின் சிம் எப்போதும் போனிலேயே, ரீசார்ஜோடு இருக்கட்டும். ரீசார்ஜ் செய்யாமல் பல மாதம் விட்டால் எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறு ஒருவருக்கே போய் விடலாம்.

வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்து, டாங்கிளைக் கழற்றி, பணப்பெட்டியோடு வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறேன் என்று அன்றைய டேட்டாவை எல்லாம் தின்று விடும்.

நினைவில் வைக்க

1. சொருகிய பின் ஒரு முழு நிமிடம் காத்திருக்கவும்.
2. சி.டி. படம் வந்தால் டாங்கிள் கெடவில்லை. முகம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.
3. முதலில் எஜெக்ட். பிறகு மோட்ஸ்விட்ச்.
4. டவர் இருந்தும் நெட் இல்லை என்றால் ஏ.பி.என். பெயரை எழுத்து எழுத்தாகப் பார்க்கவும்.
5. வங்கி எண்ணின் சிம்மை டாங்கிளில் போடாதீர்கள்.
6. கேள்வி கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சகோதரிகளே, இன்று எங்கள் 12 பேரின் ஆதார் நகல் எந்தக் கடையின் கம்ப்யூட்டரிலும் புதிதாக ஏறுவதில்லை. பாஸ்வேர்டு எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும். கூட்டம் முடிந்த அதே இரவு கணக்கை ஏற்றி விடுகிறோம். மூன்று குழுக்களிலிருந்து கேள்வி கேட்ட தங்கைகள், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் லேப்டாப்பையும் டாங்கிளையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் பார்ப்போம். பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் சகோதரி,
ஒரு குழுவின் கணக்கெழுத்தாளர்